ஒரு பாடலும் அதன் உடைமையாளரும்: 'எம்பூபே'யின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1961ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்ற பாடல், நியூ யோர்க் நகரைச் சேர்ந்த ரோக்கன்ஸ் என்னும் இளைஞர் குழுவினர் பாடிய 'த லயன் சிலீப்ஸ் ருனைற்' என்பதாகும். சிங்கம் இன்றிரவு உறங்குகிறது என்பது அத்தலைப்பின் பொருள். அறுபதுகளின் ஜனரஞ்சக இசை பற்றி எழுதுவோர் இப்பாடலைக் கவலையற்ற அக்காலத்தின் இனிய சின்னமாகவே பெரும்பாலும் குறிப்பிடுவர். குழந்தைகள் பாட, விளம்பரங்களிலும் சலனப்படங்களிலும் ஒலிக்க, யாருடையதுமற்ற, எங்கிருந்தோ தானே முளைத்த பாடலொன்றைப் போல அது உலகெங்கும் உலவி வந்தது. யாருடையதும் அன்று என்னும் இத்தோற்றமே இங்கு எமது ஆய்வுக்குரிய பொருளாகும். ஏனெனில் அத்தோற்றம் இயல்பாக ஏற்பட்டதன்று. அது உற்பத்தி செய்யப்பட்டது. அதன் உற்பத்தியிலே வணிகர்களுக்கு மட்டுமன்றி முற்போக்காளர்களுக்கும் பங்கு இருந்தது. பின்னதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

இசைத்தட்டின் மீது ஆக்கியோராகக் குறிக்கப்பட்டிருந்த பெயர்கள் நான்கு. ஹியூகோ பெரற்றி, லூயிஜி கிறியற்றோர், ஜோர்ஜ் டேவிட் வைஸ் ஆகிய மூவரும் தொழில்முறைப் பாடலாக்குநர்கள். நான்காமவராகிய அல்பேட் ஸ்ரன்ரன் என்பவர் உலகில் வாழ்ந்தவரல்லர். இசை வெளியீட்டு நிறுவனமொன்றின் பங்காளி வருமானத்திற்காகப் புனைந்துகொண்ட பெயர் அது. இல்லாத மனிதனொருவனுக்கு இடங்கொடுத்த அத்தட்டில், இருந்த மனிதனுக்கு இடமிருக்கவில்லை. சொலமன் லிண்டா என்னும் அம்மனிதர் அவ்வேளையில் உயிரோடிருந்தார். யொகனஸ்பேர்க் நகரின் ஆபிரிக்கர் குடியிருப்பொன்றில் நோயுற்றிருந்தார்.

லிண்டா 1909ஆம் ஆண்டில் நேட்டால் மாகாணத்தின் எம்சிங்கா பிரதேசத்திலே, பொமரோய் என்னும் சிற்றூரின் அயலிற் பிறந்தவர். அவர் நாலு வயதுப் பாலகனாயிருந்தபொழுது, 1913இல், தென்னாபிரிக்க அரசு சுதேசிகள் காணிச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆபிரிக்கர் காணி வாங்கத்தக்க பரப்பு, மொத்த நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதமாக அச்சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. நிலத்தினின்றும் உழைப்பாளியைப் பிரித்தெடுத்து, விற்பதற்குத் தன் உழைப்புச் சக்தியைத் தவிர வேறெதுவுமற்றவனாக அவனை நகருக்கு அனுப்புவதை ஆதி மூலதனத் திரட்டலின் அடிப்படையாக மார்க்ஸ் விபரித்தார். இங்கிலாந்தில் நூற்றாண்டுகள் எடுத்த இக்காரியம் தென்னாபிரிக்காவில் ஒரு தலைமுறைக்குள் நடந்தேறியது. சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்த ஆடவர்கள் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டு, நுழைவுச் சீட்டுகளைச் சுமந்துகொண்டு, தொழிலாளர் விடுதிகளில் தங்கினர். 1930களின் தொடக்கத்தில் யொகனஸ்பேர்க் வந்து சேர்ந்த லிண்டாவும் அத்தகையோருள் ஒருவரே.

இவ்விடுதிகளிலேதான் ஒரு புதிய இசை வடிவம் உருவாயிற்று. சனிக்கிழமை இரவுகளில் ஊர்வாரியாக அமைந்த குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பாடுவது வழக்கமாகியது. இவ்விசையைப் 'பழங்குடி இசை' என்று கருதுவது பெருந்தவறாகும். சூலு மக்களின் திருமணப் பாடல்களில் இருந்த குழுப்பாடல் மரபு, மிஷன் பாடசாலைகள் கற்பித்த தோத்திரப் பாடல்களின் நால்வகைக் குரல் இசைவு, அமெரிக்கக் கறுப்பு மக்களின் மேடையிசை ஆகிய மூன்றும் அதிலே கலந்திருந்தன. மூன்றாவது ஆச்சரியமாகத் தோன்றலாம். ஓர்பியஸ் மக்அடூ என்பாரின் தலைமையிலான அமெரிக்க நீக்ரோ பாடகர் குழுவொன்று 1890 முதல் தென்னாபிரிக்காவில் நெடுங்காலம் சுற்றுப்பயணஞ் செய்தமையும், அதன் தாக்கம் ஆபிரிக்க நகர மக்களிடையே ஆழமாக வேரூன்றியமையும் வைற் ஏள்மன் போன்ற ஆய்வாளர்களால் நன்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. ஆகவே 1961இல் நியூ யோர்க்கைச் சென்றடைந்த இசையின் ஒரு கூறு, எழுபதாண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலிருந்தே கப்பலேறிச் சென்றதாகும். ஆபிரிக்காவின் ஆதிக்குரல் என்று அமெரிக்கர் வியந்து கேட்டதில் அவர்களுடைய நாட்டு அடிமைகளின் வழிவந்தோர் குரலும் இருந்தது.

லிண்டாவின் குழுவினர் தம்மை ஈவ்னிங் பேர்ட்ஸ், அதாவது அந்திப் பறவைகள், என்று அழைத்துக்கொண்டனர். கோடிட்ட மேனாட்டு உடையும் தொப்பியும் அணிந்து, நேர்த்தியாக அசைந்து பாடினர். கீழ்க்குரலைப் பலர் சேர்ந்து பாடி வலுப்படுத்த, அதன் மேலே லிண்டா தனியொருவராக உச்சக் குரலில் விரும்பியவாறு சஞ்சரிப்பார். 1939இல் கலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில், அந்நிறுவனத்துக்குப் பாடகர்களைத் தேடித் தந்தவரான கிறிபித் மொற்சியெலோவாவின் மேற்பார்வையிலே, 'எம்பூபே' என்ற பாடல் பதிவாயிற்று. எம்பூபே என்பது சூலு மொழியிற் சிங்கம். மூன்றாவது தடவை பதிவு செய்தபொழுதே அது சரியாக அமைந்தது. அதன் முடிவுப் பகுதியில் லிண்டா அக்கணத்திற் கற்பித்துப் பாடிய ஒரு சிறு இசைத்தொடர் உண்டு. சில விநாடிகளே நீடிக்கும் அவ்விசைத்தொடர் பின்னர் உலகின் மிகப் பிரசித்தமான மெட்டுகளில் ஒன்றாயிற்று.

பாடலின் சொற்கள் மிகச் சில. கால்நடை மேய்த்த சிறுபிராயத்தில் சிங்கத்திடமிருந்து மந்தையைக் காத்த அனுபவமே அதன் கரு என்பர். கூட்டம் 'உயிம்பூபே' என்று இடைவிடாது ஒலிக்கிறது; நீ சிங்கம் என்பது அதன் பொருள். சூலு வழக்கில் அரசனை விளிக்கும் சொல்லாகவும் சிங்கம் பயின்று வருவதால், வேட்டையும் வாழ்த்தும் ஒருசேரக் கேட்கின்றன. வடிவத்தை நோக்குமிடத்து ஒரு விடயம் தெளிவாகும். தோத்திரப் பாடலின் இசைவுகள் இங்கும் உள. ஆனால் தோத்திரப் பாடலோ ஒரு முடிவை நோக்கி நகர்வது. 'ஆமென்' என்று அடங்குவது. எம்பூபே அடங்குவதில்லை. நான்கு இசைவுகள் கொண்ட சிறு வட்டமொன்று ஓயாமற் சுழல, அதன் மேலே தனிக்குரல் ஒவ்வொரு சுற்றிலும் வேறுபட்டு வருகிறது. மிஷன் பாடசாலையில் பெற்றதை அதற்குரிய கீழ்ப்படிவின்றிக் கையாளும் ஆற்றலை இதிலே காண்கிறோம்.

பாடல் தென்னாபிரிக்காவில் பெருவெற்றி பெற்றது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஓரிலட்சம் தட்டுகள் விற்பனையாயின. இப்பாணியிலான இசை முழுவதுக்குமே 'எம்பூபே' என்ற பெயர் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் லேடிஸ்மித் பிளக் மம்பாசோ குழுவினரால் உலகறிந்த இசிகதமியா மரபு இதன் நேர் வாரிசாகும். ஒரு கலைஞனின் படைப்பு ஒரு வகைமைக்கே பெயரானது பெருங்கௌரவந்தான். லிண்டா பெற்ற பணமோ பத்துச் சிலிங். பாடலின் உரிமை அத்தொகைக்குக் கலோ நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே நிறுவனத்தில் இசைத்தட்டுகளைப் பொதிசெய்யும் தொழிலாளியாகவும் அவர் வேலை பார்த்தார். தன் குரல் அடங்கிய தட்டுகளைத் தன் கையாலேயே அவர் பொதிசெய்திருக்கவுங் கூடும். உழைப்பாளி தன் உழைப்பின் விளைபொருளுக்கு அந்நியனாகும் நிலையை விளக்க இதனினும் தெளிவான உதாரணத்தைக் கற்பனை செய்தும் தரவியலாது.

இனி எமக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறோம். நாற்பதுகளின் இறுதியில் டெக்கா நிறுவனத்துக்கு வந்து கிடந்த ஆபிரிக்க இசைத்தட்டுகளுள் எம்பூபேயை அலன் லோமக்ஸ் கண்டெடுத்துப் பீற் சீகரிடம் கொடுத்தார். லோமக்ஸ் நாட்டார் இசைச் சேகரிப்பின் முன்னோடி. சீகர் தொழிற்சங்க மேடைகளிலும் சமாதான இயக்கத்திலும் பாடியவர், இடதுசாரி. அவர் தட்டைக் கேட்டு இசையைக் குறித்தெடுத்தார். 'உயிம்பூபே' அவர் செவியில் 'விமொவே' என்று விழுந்தது. அதுவே பாடலின் பெயருமாயிற்று. சீகர் அங்கம் வகித்த வீவர்ஸ் குழுவின் இசைத்தட்டு 1952இல் வெளிவந்து பிரபலமாகியது. ஆக்கியோன் பெயராக அதிற் காணப்பட்டது போல் கம்பெல். இவரும் இல்லாத மனிதரே. உரிமையாளரற்ற மரபுப் பாடல்களைத் தாம் அமைத்துப் பாடும்பொழுது வரும் வருமானத்தைப் பெறுவதற்கு வீவர்ஸ் குழுவினர் வைத்துக்கொண்ட பொதுப் புனைபெயர் அது. அவர்களது பாடல்களை வெளியிட்ட ஹொவர்ட் றிச்மண்ட், கலோவுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். அமெரிக்க உரிமை றிச்மண்டுக்கு. தென்னாபிரிக்கா போன்ற சில பிரதேசங்களின் நிருவாகம் கலோவுக்கு. பாடலை ஆக்கியவர் இப்பங்கீட்டில் ஒரு தரப்பாகவே கருதப்படவில்லை.

இங்கு நாம் அவசரப்பட்டு முடிவு கூறலாகாது. வீவர்ஸ் குழுவினர் சுரண்டல்காரரல்லர். அப்பாடல் விற்பனையாகிக்கொண்டிருந்த அதே ஆண்டிலேதான் கம்யூனிச எதிர்ப்பு வேட்டையினால் மேடைகளும் வானொலியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டு, குழு கலைய நேர்ந்தது. சீகர் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் 1955இல் பதிலளிக்க மறுத்தமைக்காக 1961இல் தண்டிக்கப்பட்டார். மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆக்கியோன் ஒருவர் உளரென்று அறிந்தபின், அவருக்கு ஆயிரம் டொலரை அனுப்பச் செய்தவரும், உரிமை விடயத்திற் கவனமின்றி இருந்தமைக்காகப் பிற்காலத்தில் வருந்தியவரும் அவரே. தனிமனித நேர்மை பற்றிய பிரச்சினையாக இதனைச் சுருக்கினால் உண்மையான பிரச்சினை நழுவிவிடும்.

உண்மையான பிரச்சினை 'நாட்டார்' என்னும் கருத்தாக்கமேயாகும். நாட்டார் பாடலுக்கு ஆசிரியரில்லை. அது மக்களின் கூட்டு ஆக்கம். காலங்காலமாக வாய்மொழியாக வருவது. இவ்வரைவிலக்கணத்தை நாம் எத்தனை கட்டுரைகளில், எத்தனை மேடைகளிற் பெருமிதத்தோடு கூறியிருக்கிறோம்! தனிமனித மேதைமையைப் போற்றும் பூர்ஷ்வா அழகியலுக்கு எதிரான ஆயுதமாக அது எமக்குப் பயன்பட்டது. ஆனால் ஆசிரியரற்றது என்ற கூற்றைப் பதிப்புரிமைச் சட்டம் வேறுவிதமாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. ஆசிரியரற்றது உடைமையாளரற்றது. உடைமையாளரற்றதை முதலில் வேலியடைப்பவன் உடைமையாளன். பாடலை 'அமைத்தவன்' என்ற பெயரில் வேலியடைக்கப்படுவது இவ்வாறே. எம்சிங்காவில் நிலத்துக்கு நிகழ்ந்ததும் யொகனஸ்பேர்க்கின் பாடலுக்கு நிகழ்ந்ததும் ஒரே தருக்கத்தின்பாற்பட்டவை. மக்களுக்கு உரியது என்று நாம் சொன்ன சொல், சட்டப் புத்தகத்தில் எவருக்கும் உரியதன்று என்று பதிவாயிற்று.

அது மட்டுமன்று. எம்பூபே 1939இல் நகரத்துத் தொழிலாளி ஒருவரால், பெயர் பொறிக்கப்பட்ட இசைத்தட்டொன்றில், ஒலிப்பதிவுக்கூடத்தில், வணிக நிறுவனமொன்றிற்காக ஆக்கப்பட்டது. அதிலே வாய்மொழி மரபின் புராதனத்தைக் கேட்டது கேட்டவரின் காதே. சூலு வேந்தன் சாக்கா இறந்துபடவில்லை, உறங்குகிறான், ஒருநாள் விழித்தெழுவான் என்ற ஐதிகத்தைப் பாடலின் பொருளாகச் சீகர் விளக்கியதுண்டு. அரசியலுணர்வோடு கூடிய விளக்கந்தான். ஆனால் பாடலில் அது இல்லை. 1828இற் கொல்லப்பட்ட அரசனைத் தேடிய முற்போக்காளருக்கு, அன்று உயிரோடு பொதிசெய்துகொண்டிருந்த தொழிலாளி கண்ணிற்படவில்லை. ஆபிரிக்கனைப் பாட்டாளியாகக் காண்பதிலும் பழங்குடியாகக் காண்பதே இலகுவாயிருந்தது போலும்.

எமது மரபிலே இதற்கு மறுதலையான செய்கையொன்று உண்டு. சங்கச் செய்யுள்களைத் தொகுத்தோர், ஆக்கியோன் பெயர் தெரியாதவிடத்துச் செய்யுளிற் பயின்ற சிறப்பான தொடரொன்றாலேயே அவனுக்குப் பெயர் சூட்டினர். செம்புலப்பெயனீரார் அவ்வாறு வந்தவர். பெயரில்லாதவனுக்குக் கவிதையே பெயர் கொடுத்தது. நியூ யோர்க்கில் நிகழ்ந்ததோ, தட்டிலே பெயர் பொறிக்கப்பட்டிருந்தவனின் பெயரை நீக்கி, இல்லாதவனின் பெயரைப் பொறித்தமை.

ரோக்கன்ஸ் குழுவின் பாடலுக்கு மீள்வோம். அவர்கள் வீவர்ஸ் குழுவின் பாடலைக் கேட்டுப் பழகியவர்கள். அதற்கு ஆங்கிலச் சொற்களை எழுதும் பணியை ஏற்ற வைஸ், லிண்டாவின் பதிவில் இறுதியில் வரும் அவ்விசைத்தொடரை எடுத்துத் தமது சொற்களுக்கு மெட்டாக்கினார். சொற்கள் கூறுவது யாது? ஒரு காடு, ஓர் அமைதியான கிராமம், அஞ்சற்க என்று காதலிக்குக் கூறப்படும் ஆறுதல், உறங்கும் சிங்கம். லிண்டாவின் சிங்கம் மந்தையை நோக்கி வருவது. விழித்திருந்து எதிர்கொள்ள வேண்டியது. வைசின் சிங்கமோ உறங்குவது. அதனாற் கிராமமும் உறங்கலாம். (சிங்கம் புல்வெளிகளில் வாழும் விலங்கு என்பதும், அடர்ந்த காடு அதன் இருப்பிடமன்று என்பதும் அவரைத் தடுக்கவில்லை.) சார்ப்வில் நகரில் 1960 மார்ச்சில் நுழைவுச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து நின்ற 69 பேர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாகி இரண்டாண்டு நிறையுமுன்னர், ஆபிரிக்கக் கிராமம் அமைதியாக உறங்குகிறது என்ற பாட்டு அமெரிக்காவெங்கும் ஒலித்தது. வைஸ் திட்டமிட்டு எழுதினார் என்று நாம் கூறவில்லை. கருத்துநிலை திட்டமிட்டு இயங்குவது அரிது.

உருவத்தில் நிகழ்ந்த மாற்றம் இதனிலும் முக்கியமானது. லிண்டா அவ்விசைத்தொடரை, அக்கணத்தின் எழுச்சியில், சுழலும் கூட்டுக்குரலின் மேலே பாடினார். ஒவ்வொரு சுற்றிலும் குரல் வேறுபடுவதே அக்கலையின் உயிர். ரோக்கன்ஸ் பதிவில் அதே தொடர் ஒவ்வொரு கண்ணிக்கும் மாறாத மெட்டாக உறைந்துவிடுகிறது. உயிருள்ள உழைப்பு இறந்த உழைப்பாகத் திரண்டு மூலதனமாவது என்று அரசியற் பொருளாதாரம் கூறுவதை இங்கு செவியாலேயே கேட்கலாம். ஜனரஞ்சக இசை பற்றி 1941இல் எழுதிய அடோர்ணோ, அதன் ஒருசீர்மையையும் கேட்போரை மந்தப்படுத்தும் தன்மையையும் கூர்மையாகக் கண்டித்தார். ஆயினும் பண்டத்தின் மேற்பரப்பில் அவர் நின்றுவிட்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. அப்பண்டத்தினுள்ளே யாருடைய உழைப்பு, எவ்விலைக்கு அடைபட்டிருக்கிறது என்ற வினா அவரிடம் எழவில்லை. இவ்வினாவின்றி ஜனரஞ்சக இசையைக் கண்டிப்பது வெறும் இரசனைத் தீர்ப்பாகவே எஞ்சும்.

ஒன்றையும் சொல்லவேண்டும். ரோக்கன்ஸ் பதிவு மோசமானதன்று. உச்சக்குரலில் ஜே சீகல் பாடுவதையும் அதற்கு மேலே மிதக்கும் பெண்குரலையும் கேட்டு இன்புறாதவர் சிலரே. குழுவினர் அதனையிட்டு வெட்கி, வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதாகவும், அது தட்டின் மறுபக்கத்துக்கே முதலில் ஒதுக்கப்பட்டதாகவும் கூறுவர். தாம் பாடியதன் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை அவர்களும் அறிந்திருக்கவில்லை.

லிண்டா 1959இல் மேடையிற் பாடுகையில் வீழ்ந்தார். 1962 ஒக்டோபரிற் சிறுநீரக நோயால் இறந்தார். அவரது வங்கிக் கணக்கில் எஞ்சியது இருபத்தைந்து டொலருக்கும் குறைவு. புதைகுழிக்குக் கல் நாட்டப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. இடையிலே பாடல் எண்ணற்ற பாடகர்களால் பாடப்பட்டது. 1982இல் பிரித்தானியப் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. 1994இல் வோல்ற் டிஸ்னி நிறுவனத்தின் 'த லயன் கிங்' படத்தில் இடம்பெற்றது. தென்னாபிரிக்க எழுத்தாளர் றியன் மலான் 2000ஆம் ஆண்டில் றோலிங் ஸ்ரோன் சஞ்சிகையில் எழுதிய நீண்ட கட்டுரையே இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. இப்பாடல் ஈட்டிய உரிமைப் பணம் ஒன்றரைக் கோடி டொலர் வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு.

பின்னர் நிகழ்ந்த வழக்கு மார்க்சியவாதிகளாகிய எம்மைச் சற்று நின்று சிந்திக்க வைப்பது. லிண்டாவும், அவர் இறந்தபின் மனைவியும், 1992இற் புதல்வியரும் உரிமையைக் கையளித்து ஒப்பமிட்டிருந்தனர். ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் வழியிற் கதவு மூடப்பட்டிருந்தது. ஓவன் டீன் என்னும் சட்ட அறிஞர் வேறொரு கதவைக் கண்டார். பிரித்தானியப் பேரரசு முழுவதற்குமென இயற்றப்பட்ட 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆக்கியோன் தன் வாழ்நாளில் உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும், அவன் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது அவனது மரணச் சொத்துக்கே மீளும் என்பது அதன் சாரம். ஆங்கில நாவலாசிரியரின் நினைவாக அதனை டிக்கன்ஸ் பிரிவு என்பர். தென்னாபிரிக்காவில் அச்சட்டம் 1916 முதல் 1965 வரை நடைமுறையில் இருந்தது. எனவே 1987இல் உரிமை லிண்டாவின் மரணச் சொத்துக்கு மீண்டுவிட்டது என்று வாதிக்கப்பட்டது. 2004இல், தென்னாபிரிக்காவிற் பதிவாகியிருந்த டிஸ்னியின் இருநூற்று நாற்பதுக்கு மேற்பட்ட வணிகச் சின்னங்களை நீதிமன்ற ஆணையாற் பிணைப்படுத்தி வழக்குத் தொடரப்பட்டது. நிலத்தைப் பறித்த பேரரசின் சட்டமே பாடலை மீட்பதற்குக் கருவியாயிற்று. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி மட்டுமே என்று கூறி அமைவோருக்கு ஈ. பி. தொம்சன் 1975இல் விடுத்த எச்சரிக்கை இங்கு நினைவுகூரத்தக்கது. சட்டம் சட்டமாகத் தோன்றுவதற்குச் சில வேளைகளில் நீதியாகவும் நடக்கவேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம்.

2006 பெப்ருவரியில் வழக்கு இணக்கமாக முடிவுற்றது. பாடலின் இணை ஆக்கியோராக லிண்டா ஏற்றுக்கொள்ளப்பட்டார். முந்திய பயன்பாட்டுக்குத் தொகையும் எதிர்கால வருமானத்திற் பங்கும் வாரிசுகளுக்கு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. நீதிமன்றம் தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை. ஆகவே அப்பேரரசுச் சட்டப் பிரிவின் வலிமை இவ்வழக்கிற் பரீட்சிக்கப்படாமலே போயிற்று. பாதிக்கப்பட்ட குடும்பத்தை இதற்காகக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் இவ்வெற்றியின் வடிவமே ஒரு புதிய வினாவை விட்டுச்செல்கிறது. லிண்டாவை மீட்பதற்கு அவரைத் தனியோர் ஆக்கியோனாக, உடைமையாளனாக நிறுவவேண்டியிருந்தது. சட்டம் வேறெவ்வகை ஆக்கத்தையும் அறியாது. அன்று ஒலிப்பதிவுக்கூடத்தில் லிண்டா அம்மெட்டைக் கற்பித்துப் பாடியபொழுது, அதனைத் தாங்கி நின்றது அறுவர் குழுவிற் பொமரோய் ஊரினரான ஏனைய ஐவரின் இடையறாத கூட்டுக்குரல். அச்சுழற்சியின்றி அவ்வெழுச்சி இல்லை. அமெரிக்கர் 'விமொவே' என்று கேட்டதும் அக்கூட்டுக்குரலையே. நாட்டார் என்ற கருத்தாக்கம் லிண்டாவை மறைத்தது. ஆக்கியோன் என்ற கருத்தாக்கம் இவர்களை மறைக்கிறது. கூட்டாக உழைத்துப் படைத்தோரைப் பெயரழிக்காமலும் தனியுடைமையாக்காமலும் குறிப்பதற்கு எமது விமரிசனத்திடம் இன்னமும் சொல் இல்லை. அவர்களின் பெயர்கள் கில்பேட் மடொண்டோ, போய் சிபியா, கிடியன் எம்கிசே, சாமுவேல் எம்லங்கேனி, ஓவன் சிகாகானே.